கையா, திரையா, காரா: சேலம் அளவு விமான நிலையத்துக்கு எது பொருந்தும்?

சேலம் விமான நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதி நேரம் ஓடுபாதையின் நீளத்திலேயே போய்விடும். மீதி நேரம், அடுத்து எந்த ஊருக்கு விமானம் விட வேண்டும் என்பதில் போகும். நடுவே யாராவது ஒருவர் இப்படியும் சொல்வார்: “பெரிய ஏர்போர்ட்ல எல்லாம் பைலட் திரையைப் பார்த்துத் தானா நிறுத்திக்கிறார். நம்ம ஊர்ல இன்னும் ஒரு ஆள் வெயில்ல நின்னு கையை ஆட்டிக்கிட்டு இருக்கார். எப்பத்தான் முன்னேறப் போறோமோ!”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானத்தை நிறுத்த உதவும் ஒவ்வொரு வழியையும் நம்மூர் நிலையத்தின் அளவோடு வைத்துப் பார்த்தால் விடை வேறாக வருகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் நிலையம் இருக்கும் கமலாபுரத்துக்கு மார்ஷலர்தான் சரி, அதாவது கையால் சைகை காட்டி விமானத்தை நிறுத்துகிறவர். மலிவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் வேறு, அதற்கு வருகிறேன்.

நிலைமையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1993-ல் திறந்த நிலையம் இது. விமானம் வருவதும் நிற்பதுமாகவே காலம் ஓடியிருக்கிறது. 2018-ல், சிறிய ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் சென்னைக்குத் தொடங்கிய சேவை 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வரத் தொடங்கின. ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். அந்த நீளத்துக்குத் தோதான விமானம் ஏடிஆர் 72. இரண்டு புரொப்பெல்லர், எழுபது சொச்சம் இருக்கை, 27 மீட்டர் இறக்கை விரிவு. அதைவிட்டால் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்கள். ஏரோபிரிட்ஜ், அதாவது டெர்மினலிலிருந்து விமானக் கதவு வரை நீளும் நடைபாலம், கிடையாது. பயணிகள் திடலில் நடந்துபோய்த்தான் ஏறுகிறார்கள், நடந்துவந்துதான் வெளியே போகிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

ஏப்ரன் என்பது விமானங்கள் நிற்கும் திடல். அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒதுக்கிய இடத்தை பே என்பார்கள். நம் கேள்வி முழுக்க அந்த பே-க்கு முந்தைய கடைசி ஐம்பது, அறுபது மீட்டரைப் பற்றியது. ஆயிரம் மணி நேரம் பறந்த பைலட்டுக்கு அங்கே எதற்கு உதவி என்று தோன்றும். அவர் பார்வை முன்பக்கம்தான் போகும். மூக்குச் சக்கரம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது. பிரதானச் சக்கரங்கள் அதற்கும் பத்து மீட்டருக்கு மேல் பின்னால். இறக்கை நுனியோ இரண்டு பக்கமும் பதின்மூன்றரை மீட்டர் தள்ளி. பக்கத்தில் நிற்கும் விமானத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ குறைந்தது 4.5 மீட்டர் விட்டு ஏடிஆர் நிற்க வேண்டும் என்பது ஐகாவோ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, வகுத்த அளவு. கண் திட்டத்தில் பிடிக்கக்கூடிய அளவு இல்லை இது.

கோடு மட்டும் போதுமா?

எளிய வழி, தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டு மற்றதைப் பைலட்டிடம் விடுவது. கோட்டின் மேல் மூக்குச் சக்கரம் ஓடினால் விமானம் நேராக வருகிறது என்று அர்த்தம். எங்கே நிற்பது என்பதற்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அந்தக் குறுக்குக் கோட்டை இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பைலட்டுக்குப் பக்கவாட்டில் நேராக வரும்படி போடுவார்கள். அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்து, கோடு தன் தோளுக்கு நேரே வந்ததும் பிரேக் பிடித்தால் சக்கரம் சரியான இடத்தில் நிற்கும். யோசித்துச் செய்த ஏற்பாடுதான்.

பயிற்சி விமானங்களுக்கு இது தாராளமாகப் போதும். செஸ்னா 172 மாதிரி ஒன்றுக்கு இறக்கை விரிவே 11 மீட்டர்தான். மாணவர் நாலு நாள் ஓட்டினால் கோடு பழகிவிடும். ஏடிஆருக்கு இதை மட்டும் நம்பி விட எனக்கு மனம் வராது. கோடு விமானம் எங்கே போக வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். வழியில் ஒரு பெட்டி வண்டி நிற்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. மழைநாளில் ஈரத் தரையில் விளக்கொளி பட்டு மின்னினால் கோடே மங்கிவிடும். ஒவ்வொரு வழிக்கும் அடித்தளமாகக் கோடு வேண்டும். தனியாக நிற்க அதனால் முடியாது.

திரை

பெரிய நிலையங்களில் ஏரோபிரிட்ஜ் உள்ள பே-க்களில், பைலட்டின் கண்ணுக்கு நேரே சுவரிலோ கம்பத்திலோ மாட்டிய ஒரு பலகை இருக்கும். அதன் பழைய வடிவம் வெறும் இரண்டு விளக்கு. நேராக வந்தால் இரண்டும் பச்சை. விலகினால் ஒன்று சிவப்பாகத் தெரியும், பச்சை தெரியும் பக்கம் திரும்ப வேண்டும். இப்போது உள்ளவை லேசரால் அளக்கின்றன. வரும் விமானத்தின் மூக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இன்ஜின் எங்கே இருக்கிறது என்றெல்லாம் பார்த்து, சொல்லி வைத்த ரகம்தானா என்று சரிபார்க்கும். சரியென்றால் மையக் கோட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, நிற்க இன்னும் எத்தனை மீட்டர் என்று எண்ணால் காட்டும். வேகமாக வந்தால் மெதுவாக வரச் சொல்லும். ரகம் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்து என்று காட்டிவிடும்.

அருமையான கருவிதான், ஒத்துக்கொள்கிறேன். ஏரோபிரிட்ஜ் கதவோடு பொருந்த வேண்டுமென்றால் விமானம் அச்சுப் பிசகாமல் நிற்க வேண்டும். அந்த வேலைக்குத் திரையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் சலிக்காது. இருபது பே-க்கு இருபது மார்ஷலரைத் தேடி ஓட வேண்டிய நிலையத்தில் அது பெரிய நிம்மதி.

கமலாபுரத்தில் இதை மாட்டுவதானால் முதல் சிக்கல் எங்கே மாட்டுவது என்பதுதான். விமானம் மூக்கை டெர்மினல் பக்கம் வைத்து நேராக உள்ளே வந்து நிற்கிற ஏற்பாட்டுக்காகச் செய்த கருவி இது. அப்படி நின்ற விமானம் தானாக வெளியே வர முடியாது. புஷ்பேக் டிராக்டர் பின்னால் தள்ளிவிட வேண்டும். ஏடிஆர் வந்துபோகும் சின்ன நிலையங்களில் வழக்கம் வேறு. விமானம் வளைந்து வந்து நிற்கும், கிளம்பும்போது தன் சொந்த இன்ஜினிலேயே வளைந்து வெளியேறிவிடும். டிராக்டர் வேண்டாம் என்பது ஏடிஆர் தரும் பெரிய வசதி. அப்படி நிற்கும் விமானத்தின் மூக்குக்கு எதிரே சுவர் இருக்காது. கம்பம் நட்டால் வெளியேறும் வழியில் குறுக்கே நிற்கும்.

இரண்டாவது சிக்கல் பலருக்குத் தெரியாதது. திரை வைத்த பே-யிலும் ஆள் இல்லாமல் தீராது. எந்த ரக விமானம் வருகிறது என்று ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். பே சுத்தமாக இருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். விமானம் உள்ளே வரும்போது அவசர நிறுத்தப் பொத்தான் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். திரை கெட்டுப்போனால் மார்ஷலரைத்தான் கூப்பிடுவார்கள். ஆக, திரை வாங்கினாலும் ஆளுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவில் விமானம் வரும் இடத்தில் கருவியை வாங்கி, அளவு திருத்தி, பராமரித்து, அதற்குப் பக்கத்தில் ஆளையும் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

“பனி நாளில் ஆளைவிடத் திரை நன்றாகத் தெரியுமே?” என்று கேட்கலாம். மார்கழியில் சேர்வராயன் அடிவாரத்தில் காலைப் பனி கெட்டியாகத்தான் இறங்கும். ஆனால் விமானம் தரையிறங்கவே பல நூறு மீட்டராவது பார்வைத் தூரம் வேண்டும். அது இல்லையென்றால் விமானம் கிளம்பிய ஊரிலேயே காத்திருக்கும், அல்லது வேறு நிலையத்துக்குப் போகும். இறங்கும் அளவுக்குக் கண் தெரிகிற நாளில், முப்பது மீட்டர் தள்ளி ஆரஞ்சுச் சட்டை போட்டு நிற்கிற ஆள் தெரியாமல் போக மாட்டார்.

கார்

ஃபாலோ மீ கார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாக்ஸிவே, அதாவது ஓடுபாதையையும் ஏப்ரனையும் இணைக்கும் பாதை, பத்துக் கிளையாகப் பிரியும் நிலையத்தில், ஊருக்குப் புதிதாக வந்த பைலட்டுக்கு முன்னால் ஓடி வழி காட்ட அது வேண்டும். நம் ஊரில் வழி தவறிப் போக இடமே இல்லை. தவிர, கார் பே வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். நிறுத்தி வைக்கிற வேலைக்கு அங்கேயும் மார்ஷலரோ திரையோ வேண்டும். ஒரு வாகனம், ஒரு டிரைவர், டீசல், எல்லாம் வீண்.

மார்ஷலர்

இப்போது அந்தக் கை ஆட்டும் ஆளைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஏடிஆர் ஓடுபாதையை விட்டுத் திரும்பும்போதே அவர் இடம் பிடித்துவிடுகிறார். விமானத்துக்கு முன்னால், சற்று அதன் இடப்பக்கமாக. காரணம் இருக்கிறது: ஏடிஆரைத் தரையில் திருப்பும் கைப்பிடி கேப்டனின் இடது கைப்பக்கம் உள்ளது, பே-க்குள் ஓட்டி வருபவர் அவர்தான். அவர் கண்ணில் பட்டால் போதும். மார்ஷலர் இரண்டு கையையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கி நிற்கிறார். உன் இடம் இதுதான், என்னைப் பார் என்று அர்த்தம். பிறகு முழங்கையை மடக்கி, மார்பிலிருந்து தலை வரை கைகளை மேலும் கீழும் அசைக்கிறார், நேராக வா. விமானம் பைலட்டின் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மார்ஷலரின் வலது கை பக்கவாட்டில் நீட்டிய நிலையில் அசையாமல் நிற்கும், இடது கை மட்டும் வா வா என்று கூப்பிடும். எதிரும் புதிருமாக நிற்பதால் அவர் வலது பக்கம்தான் பைலட்டுக்கு இடது பக்கம். நீட்டிய கை எந்தத் திசையோ அந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும். கூப்பிடுகிற கை வேகமாக அசைந்தால் கூர்மையாகத் திரும்பு, மெதுவாக அசைந்தால் மெல்லத் திரும்பு. இந்த வேகத்தில்தான் நல்ல மார்ஷலரின் கைத்திறமை தெரியும்.

குறுக்குக் கோடு நெருங்கும்போது இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே தாழ்த்தித் தட்டிக்கொடுக்கிற மாதிரி அசைப்பார்; மெதுவாக. பிறகு கைகளைப் பக்கவாட்டில் விரித்து, மீதி இருக்கும் தூரத்துக்குத் தகுந்தபடி மெல்ல மெல்ல மேலே கொண்டுபோவார். அவர் கையில் பிடித்திருக்கும் இரண்டு சைகை மட்டைகளும் தலைக்கு மேல் குறுக்கே சேரும் கணத்தில் சக்கரம் நிற்க வேண்டும். இதையே சட்டென்று, ஒரே வீச்சில் செய்தால் அவசர நிறுத்தம். பைலட் காரணம் கேட்காமல் பிரேக்கை மிதிப்பார்.

நின்ற பிறகும் வேலை முடியவில்லை. உள்ளங்கையை விரித்துத் தோளுக்குச் சற்று மேலே தூக்கி, கேப்டனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விரல்களை மடக்கி முஷ்டி ஆக்குவார்: பார்க்கிங் பிரேக் போடு. கேப்டன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் வரை மார்ஷலர் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. அப்புறம்தான் சக்கரத்துக்குக் கட்டை. கட்டை போட்டாயிற்று என்பதற்குத் தலைக்கு மேல் இரண்டு மட்டையையும் உள்பக்கமாக ஒன்றோடொன்று முட்டுவார். எடுத்தாயிற்று என்றால் அதே அசைவு வெளிப்பக்கமாக. இதற்கும் மேலே இருந்து பதில் வர வேண்டும்.

சேலம் லீ பஜாரில் ஒரு சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுக்கக் கிளீனர் வழிகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி பழகியது. ஆனால் கிளீனருக்குக் குரல் இருக்கிறது. அவசரமென்றால் லாரி பாடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டலாம். இங்கே இன்ஜின் சத்தத்தில் கத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இருப்பது கண் மட்டும்தான். அதனால்தான் சைகைகள் உலகம் முழுக்க ஒன்றாக இருக்கின்றன. கிளீனருக்கு ஒரு ஸ்டைல், டிரைவருக்கு ஒரு புரிதல் என்பது இதில் செல்லாது. ஐகாவோவின் விதிகளில் ஒவ்வொரு சைகைக்கும் படம் உண்டு. பயிற்சி பெற்று, தேறி, அனுமதி பெற்றவர் தவிர யாரும் விமானத்துக்கு வழிகாட்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நம் நாட்டில் பைலட் உரிமத்துக்கான ஏர் ரெகுலேஷன்ஸ் தேர்வுக்கும் இந்தச் சைகைகளைப் படித்தாக வேண்டும்.

இனி, முதலில் தள்ளிவைத்த காரணத்துக்கு வருகிறேன். திரை விமானத்தை மட்டும் பார்க்கிறது. மார்ஷலர் ஏப்ரன் முழுவதையும் பார்க்கிறார்.

பயணிகள் நடந்துபோகும் ஏப்ரன் என்று சொன்னேன் இல்லையா? ஏடிஆரின் புரொப்பெல்லர் ஏறக்குறைய நான்கு மீட்டர் விட்டம். சுற்றும்போது அது ஒரு மங்கலான வட்டமாகத்தான் தெரியும். வெயிலில் அதுவும் தெரியாது. பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இடதில். இந்த விமானத்தில் வால் பகுதியில் தனியாக மின்சாரம் தரும் சிறு இன்ஜின் கிடையாது. அதற்குப் பதில் வலப்பக்க இன்ஜினின் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, உள்ளே டர்பைனை ஓட விடும் வசதி உண்டு. ஹோட்டல் மோட் என்பார்கள். அதாவது விமானம் நின்று, இடது இன்ஜின் அணைந்து, பயணிகள் இறங்கும்போதுகூட வலது பக்கம் இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கலாம். எது சுற்றுகிறது, எது நின்றுவிட்டது, யாரை எந்தப் பக்கம் விடலாம் என்று தெரிந்து நிற்கிற ஆள் அங்கே வேண்டும். செல்ஃபி எடுக்க வரிசையை விட்டு விலகுகிற பயணி, காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பை, வேலி இடுக்கில் புகுந்த நாய், பிரேக் போடாமல் விட்ட டிராலி: இதில் எதையும் விமானத்தை அளக்கிற லேசர் கண்டுபிடித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. கையில் மட்டையோடு நிற்பவர் பார்த்தால் மட்டையைக் குறுக்கே போட்டுவிடுவார். கதை முடிந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் கனமான குறைகள். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியை நெருங்கும். கான்கிரீட் தரையில் நிற்கிறவருக்கு அது இன்னும் மேலே. களைத்த கை சைகையை அரைகுறையாகக் காட்டும். வேகமாகத் திரும்பு என்பதும் மெதுவாகத் திரும்பு என்பதும் ஒன்றுபோல் தெரியும். சாயங்காலச் சூரியன் மார்ஷலருக்குப் பின்னால் இருந்தால் பைலட்டுக்கு அவர் வெறும் நிழலுருவம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, காட்டியதாக ஒருவரும் பார்த்ததாக இன்னொருவரும் நினைத்துக்கொள்வது. 2015 டிசம்பரில் மும்பையில், புஷ்பேக் முடிந்து தரைப் பணியாளர்கள் இன்னும் விலகாத நிலையில் விமானம் நகரத் தொடங்கி, ஒரு பணியாளர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்துபோனார். கட்டைவிரல் காட்டும் வரை அசையாதே, எல்லோரும் விலகிய பிறகு காட்டும் கடைசிச் சல்யூட் வரும் வரை நகராதே என்ற விதிகள் வெறும் சம்பிரதாயம் இல்லை. இரண்டு பக்கமும் பதில் வாங்கிக்கொண்டே நகர்வதில்தான் இந்த முறையின் பாதுகாப்பு முழுதும் அடங்கியிருக்கிறது. ஒரு படி தவறினால் இந்த முறைக்கு மதிப்பே கிடையாது.

கிளம்பும் நேரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: மூக்குப் பக்கத்தில் வயரைச் செருகி ஹெட்செட்டில் பேசுவது. புஷ்பேக் செய்யும் பெரிய விமானங்களுக்கு அதுதான் முதல் வழி, சைகை துணைக்கு. ஏடிஆரில் பேசி முடித்தவர் வயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வரும்போது புரொப்பெல்லர் அவருக்குக் கொஞ்ச தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வரும் வழியை முன்கூட்டியே முடிவு செய்துவைத்துக்கொள்ள வேண்டும். தள்ளிவிடாமல் தானே வெளியேறும் விமானத்துக்குத் தூரத்தில் நின்று சைகை காட்டுவதே எனக்கு நிம்மதியாகப் படுகிறது.

ஏற்காட்டில் கதை வேறு

கீழே மார்ஷலர்தான் என்று அடித்துச் சொன்னேன். மலைமேல் போனால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மே மாதக் கோடை விழாவுக்கோ, பெரிய மனிதர் வருகைக்கோ, ஓர் அவசர நோயாளிக்கோ ஏற்காட்டில் ஒரு மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், நடுவே மின்கம்பி. திரை, கார், மஞ்சள் கோடு எதுவும் கிடையாது. சுண்ணாம்பால் போட்ட வட்டமும் நடுவில் ஒரு எச் எழுத்தும், ஓரத்தில் காற்றுத் திசை காட்டும் ஒரு துணிப்பையும் இருந்தால் அதிகம். இங்கே இருப்பது இரண்டே வழி: பைலட்டிடம் விட்டுவிடுவது, அல்லது ஒரு மார்ஷலரை நிறுத்துவது.

பயிற்சி பெற்ற மார்ஷலர் கிடைத்தால் நல்லதுதான். அவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பார். அவரைப் பார்த்து வரும் ஹெலிகாப்டர் தானாகவே காற்றை எதிர்த்து இறங்கும். இரண்டு கையும் பக்கவாட்டில் நேராக நீட்டியிருந்தால் அந்தரத்தில் அப்படியே நில். உள்ளங்கை மேலே பார்க்க, கையை மேல் நோக்கி அசைத்தால் ஏறு. கீழே பார்க்க, கீழ் நோக்கி அசைத்தால் இறங்கு. உடம்புக்கு முன்னால் கைகளைக் கீழ் நோக்கிக் குறுக்கே வைத்தால் தரையில் உட்கார். ஹெலிகாப்டரை நகர்த்த நான்கு திசையோடு உயரமும் சேர்வதால் ஒரு சைகை பிசகினால் விளைவு பெரிது.

நம் ஊர்களில் நடப்பதோ வேறு. வரவேற்பு ஏற்பாட்டில் இருக்கும் ஒருவர் ஆர்வக் கோளாறில் துண்டை எடுத்து வீசி வா வா என்பார். இன்னொருவர் பந்தோபஸ்துக்கு வந்தவர். கூட்டத்தை விலகச் சொல்லிக் கையை வீசுவார், அது மேலே இருந்து பார்த்தால் வேறு ஏதோ சொல்வது போலத் தெரியும். தெரியாத ஆள் கையை ஆட்டுவதைவிட யாரும் ஆட்டாமல் இருப்பதே பைலட்டுக்கு மேல். காற்றுப் பையை ஒழுங்காகக் கட்டி, மைதானத்தை நனைத்துத் தூசியை அடக்கி, ஷாமியானா, தார்ப்பாய், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் தூரத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

மலைக்கென்றே ஒரு விஷயம்: சரிவில் ஹெலிகாப்டர் நின்றிருந்தால், ரோட்டர் சுற்றும்போது மேட்டுப் பக்கத்திலிருந்து யாரும் கிட்டே போகக் கூடாது. அந்தப் பக்கம் தரை உயர்ந்திருப்பதால் தகடு தலை மட்டத்துக்கு வந்துவிடும். பள்ளத்துப் பக்கமிருந்துதான் போக வேண்டும், அதுவும் பைலட் பார்த்துச் சம்மதித்த பிறகு. வால் பக்கம் எந்த ஊரிலும் போகக் கூடாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்த ஆள் வேண்டும் என்றால் அந்த ஆளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து நிறுத்துங்கள். சைகை காட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

காசை எதில் போடலாம்?

மறுபடி கமலாபுரத்துக்கு வருவோம். திரை வாங்கும் காசு கையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் ஒரு சிறு பங்கை நான் முதலில் மட்டைக்கும் விளக்குக்கும் போடுவேன். ஒளிரும் தடி இரவுக்கு அருமை, மத்தியான வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. பகலுக்கு டேபிள் டென்னிஸ் மட்டை மாதிரி இருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு மட்டைதான் பொருத்தம். விதியும் அதைத்தான் சொல்கிறது: பகலில் பளிச்சிடும் தடி, மட்டை அல்லது கையுறை, இரவிலும் வெளிச்சம் குறைந்த நேரத்திலும் விளக்குத் தடி. இரண்டும் இருப்பில் இருக்க வேண்டும். பாட்டரி தீர்ந்த தடியை வைத்துக்கொண்டு சமாளிக்கும் வழக்கம் எந்த ஊரிலும் சீக்கிரம் வந்துவிடும்.

அடுத்து ஆள். இரண்டு விமானம் ஒரே நேரத்தில் ஏப்ரனில் இருக்கும்போது ஒரு மார்ஷலர் போதாது. இறக்கை நுனிப் பக்கம் நடந்துவர ஒருவராவது வேண்டும். வெயிலில் நிற்பவரை முறை வைத்து மாற்ற வேண்டும். வருடம் ஒரு முறை பயிற்சியைப் புதுப்பிக்கும்போது, பக்கத்திலேயே இருக்கும் பயிற்சிப் பள்ளி மாணவர்களையும் கூட்டி வைத்துச் செய்தால் இரண்டு தரப்புக்கும் லாபம். மாணவர் படத்தில் பார்த்துப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சைகையை இங்கே நேரில் பார்ப்பார். மார்ஷலரும் காக்பிட்டில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து, தான் நிற்கும் இடம் உள்ளே இருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் அவர் சூரியனுக்கு முன்னால் நிற்க மாட்டார்.

ஓடுபாதையை நீட்டி ஏ320 மாதிரி பெரிய ஜெட் விமானம் வர ஆரம்பித்தால் என்ன செய்வது? அப்போது இறக்கை விரிவு 36 மீட்டரைத் தொடும், விமானங்களும் கூடும், திரையைப் பற்றி மறுபடி கணக்குப் போடலாம். அந்தக் கணக்கிலும் முதல் வரியில் வர வேண்டியது புஷ்பேக் டிராக்டர்தான்.